எலி இருந்த வள்ளம்

குறை நினைக்காதேங்கோ அக்கா, உந்தக் கண்ணாடியை நான் ஒருக்காத் துடைக்கப்போறன். நீங்கள் இருங்கோ, எழும்ப வேண்டாம், எட்டித் துடைப்பன். கண்ணாடியில மூச்சுப் படிஞ்சு பனிப்புகார் மாதிரி நிண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. உள்ளுக்கு ஒரு ஆள் இருந்து மூச்சு விடுறான் எண்டு வெளியில நிக்கிறவனுக்குக் காட்டிக் குடுக்கிறது உதுதான். பஸ்ஸுக்குள்ள ஆள் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும்தான், இல்லையெண்டேல்லை. ஆனால் கை கேக்குதில்லை அக்கா.

நீங்கள் தமிழெண்டு ஏறேக்கையே தெரிஞ்சிட்டுது. முகத்தைப் பாத்தில்லை, உங்கட பையில கறிவேப்பிலை மணக்குது. இவ்வளவு இடம் சும்மா கிடக்க உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்தது அதுக்குத்தான். குளிர்காலம் முழுக்க நான் ஒரு சனத்தோடையும் வாய் திறந்து கதைக்கேல்லை. சாமான் கொண்டுவாற குகநேசன் அண்ணையும் நிண்ட நிலையில குசுகுசுத்திட்டு ஓடிடுவார். வாய்க்குள்ள கதை நிரம்பிப்போய்க் கிடக்கு. இறங்குமட்டும் கேளுங்கோ. பேர் மட்டும் கேக்காதேங்கோ.

விசயம் இதுதான். என்ர அகதிக் கேஸை இந்த நோர்வேக்காரர் ரண்டு தரமும் தள்ளிப்போட்டாங்கள். பிடிபட்டால் பிளேனில ஏத்திவிடுவாங்கள். போய் இறங்கின இடத்தில எனக்காக ஆர் காத்துக்கொண்டு நிப்பினமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அகதிக் காம்பை விட்டு ஓடியாந்தன். அந்த வீட்டில ரண்டு நாள், இந்த வீட்டில நாலு நாள் எண்டு திரிஞ்சன். ஆக்களும் எவ்வளவுக்குத்தான் வைச்சிருப்பினம்? அவைக்கும் பயம்தானே.

அப்பதான் குகநேசன் அண்ணை வந்தார். அவர் ஒரு வெள்ளைக்காரன்ர வீட்டில துப்புரவு வேலை செய்யிறவர். அந்த வெள்ளைக்காரனிட்ட ஒரு சின்னப் பாய்மர வள்ளம் இருக்கு. குளிர் துவங்க அந்தாள் ஸ்பெயினுக்குப் போயிடும், வள்ளம் தண்ணிக்கையே நிக்கும். கபின் விறைச்சால் குழாயள் வெடிச்சுப்போம், மெத்தையெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப்போம். அதாலை இடைக்கிடை ஆரும் போய் அடுப்பு மூட்டிச் சூடாக்கிவிட வேணும். கபின் கதவுத் திறப்பை அண்ணையிட்டக் குடுத்திருக்கு. அண்ணைக்குக் குளிரெண்டால் போர்வையை விட்டு மூக்கும் வெளியில வராது. என்னைப் பிடிச்சார். எலி வளையெண்டாலும் தனி வளை வேணுமெண்டு சொல்லுறவை, உனக்கு வளை வந்திருக்கு, போய் இரு எண்டார். கடல் பழக்கமோ எண்டும் கேட்டார். ஓமெண்டன். எனக்குத் தெரிஞ்ச தண்ணி அக்கா, இரணைமடு வாய்க்கால். முழங்காலுக்கு மேல தண்ணி கண்டவனில்லை நான்.

அண்ணை மூண்டு கட்டளை போட்டார். பகலில புகை தெரியக்கூடாது. இரவில வெளிச்சம் தெரியக்கூடாது. எந்த நேரமும் சத்தம் கேக்கக்கூடாது. அந்தத் துறைமுகத்தில குளிருக்கு ஆக்களை வைச்சிருக்க வள்ளக்காரருக்கு அனுமதியில்லை, தெரிஞ்சால் எனக்கு வேலை போகும், உனக்கு நாடு போகும் எண்டார். ஆனால் கபின் விறைக்கவும் கூடாது. இதென்ன நியாயம், சொல்லுங்கோ? அடுப்பு எரியவேணும், ஆனால் எரியிறது தெரியக்கூடாது. போகேக்க நாலாவதா ஒண்டு சொன்னார். கூரையில ஒரு சின்னக் காத்துத் துளை இருக்கு, குளிருதெண்டு அதை மட்டும் அடைச்சுப்போடாதை, அடைச்சால் நித்திரையிலேயே போயிடுவாய். சொல்லிட்டு அவர் போயிட்டார். அண்டைக்குப் போனதுதான் என்ர நித்திரை. கண் அயர்ந்தால் துளை அடைபட்டுப்போச்சோ எண்டு திடுக்கிட்டு எழும்பி விரலை விட்டுப் பாக்கிறது. விரல் விறைக்கும். விறைச்சால்தான் நிம்மதி.

நீங்கள் பாய்மர வள்ளத்துக்குள்ள போயிருக்கிறியளோ? போகாதேங்கோ. நிமிர்ந்து நிக்கேலாது. படுத்தால் ஒரு பக்கத் தோள் சுவரில முட்டும், அந்தச் சுவருக்கு அங்கால கடல். சோத்துப்பானை அளவில ஒரு இரும்படுப்பு. அதில விரல் தடிப்பு விறகைப் போட்டுப் போட்டு இருக்கவேணும். அடுப்புப் பக்கம் முகம் பொரியும், முதுகுப் பக்கம் விறைக்கும். தோசை மாதிரித் திருப்பித் திருப்பிப் போடவேணும் உடம்பை. வெளியில கடும் குளிர், உள்ளுக்குக் கபின் வேர்க்குது. கூரையில இருக்கிற ஆணியள் எல்லாம் துளி துளியா நெத்தியில சொட்டும். காலமை எழும்பினால் போர்வை சுவரோட ஒட்டி விறைச்சுக் கிடக்கும், உரிச்செடுக்க வேணும். மெத்தைக்குக் கீழ அரிசிச் சாக்கு விரிச்சன், காட்போட் பெட்டியளை விரிச்சன். ரண்டு செங்கல்லை அடுப்பில சுட்டு, சாரத்துணியில சுத்தி, ஒண்டை வயித்தோடையும் ஒண்டைக் காலுக்கையும் வைச்சுக்கொண்டு படுப்பன். பகலில அடுப்பை நூத்துப்போட்டு அந்தக் கல்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டே இருப்பன்.

முதல் ஸ்நோ கொட்டின அண்டைக்குத்தான் என்ர பிழை தெரிஞ்சுது. காலமை கண்ணாடியில விரலாலை ஒரு ஓட்டை துடைச்சுப் பாக்கிறன், நிக்கிற வள்ளமெல்லாம் வெள்ளைவெளேரெண்டு மூடிக் கிடக்கு. என்ன வடிவு எண்டுதான் முதலில நினைச்சன். பிறகு கதவை மெல்ல நீக்கி என்ர வள்ளத்தைப் பாத்தால், ஐயோ அக்கா, மொட்டை. கபினுக்கு மேல ஒரு பொட்டு ஸ்நோ இல்லை. எல்லாம் உருகி வழிஞ்சுபோச்சு. உள்ளுக்கு அடுப்பு எரிஞ்சால் மேல ஸ்நோ நிக்காதெண்டு எனக்கு ஆர் சொன்னது? அண்ணை புகையைச் சொன்னார், வெளிச்சத்தைச் சொன்னார், உதைச் சொல்லேல்லை. அவ்வளவு வள்ளத்துக்கையும் மொட்டைத் தலையோட நிக்கிறது நான்.

இன்னொண்டும் மொட்டைதான். எனக்குப் பக்கத்து வள்ளம். அதில ஒரு கிழவி தனிய இருந்தவ. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருப்பா. அவவுக்கென்ன, சொந்த நாடு, மொட்டையாவும் இருக்கலாம் மொழுக்கையாவும் இருக்கலாம். என்ர பக்கம் பாத்த அவவின்ர கண்ணாடியில வட்டமா ஒரு இடம் எப்பவும் துடைச்சிருக்கும். அதைக் கண்ட நாள் துவக்கம் எனக்குத் தெரியும், உது உளவு எண்டு.

அண்டைக்குத் துவங்கினது இந்த வேலை. அங்க பின்னேரமே இருட்டிப்போடும். இருட்டினதும் நான் சோத்துப்பானையோட வெளியில ஊர்ந்துபோய், வள்ளங்களைக் கட்டுற ஜெற்றிப் பாலத்தில கிடக்கிற ஸ்நோவை அள்ளி அள்ளி என்ர கூரையில கொட்டுறது. கொட்டி, தட்டி, வழுவழுப்பாக்கி விடுறது. விடிய அது உருகும். திருப்பியும் கொட்டுறது. ஊரில வயலுக்குத் தண்ணி இறைச்சன், இஞ்ச வந்து கூரைக்கு ஸ்நோ இறைச்சன். சிரியுங்கோ, சிரியுங்கோ. ஆனால் ஒண்டு, ஸ்நோ மேல தடிப்பாக் கிடந்தால் கபினுக்குள்ள சூடு கொஞ்சம் கூடத் தங்கும். அதுவும் ஒரு பயம்தான், சூடு கூடினால் கெதியா உருகும்.

கொஞ்ச நாளில ஒரு காலமை பாக்கிறன், என்ர வள்ளத்தில ஒரு சவள் சாத்திக் கிடக்கு. ஸ்நோ அள்ளுற நல்ல புதுச் சவள். ஆர் வைச்சது? ஏன் வைச்சது? தொட்டால் கைரேகை விழுமெல்லோ. நான் தொடேல்லை. பானையாலைதான் அள்ளினன்.

பேந்து கருவாட்டுக் கதை. நாக்குச் செத்துப்போய், ஒரு நாள் பொறுக்கேலாமல் அண்ணை கொண்டுவந்த கருவாட்டில ஒரு துண்டை அடுப்பில சுட்டுப்போட்டன். புகையை இருட்டு மறைக்கும். மணத்தை எது மறைக்கும்? வாயில வைச்சாப்பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் இருந்தன். அந்தத் துறைமுகம் முழுக்க மணத்திருக்கும்.

அடுத்த நாள் காலமை தட்டினது. வள்ளத்தின்ர பக்கப் பலகையில, என்ர காதுக்கு நேர. டொக், டொக். ரண்டு தரம். போர்வைக்குள்ள செங்கல்லைக் கட்டிப்பிடிச்சபடி கிடந்தன். கொஞ்சம் பொறுத்துத் திருப்பியும் டொக், டொக். நான் அசையேல்லை. பிறகு திருப்பியும். எட்டுப் பத்துத் தரம் தட்டியிருக்கும். கடைசியா போர்வையைத் தலைக்கு மேல இழுக்க, பக்கத்தில கிடந்த கரண்டி விழுந்துபோச்சு. டிங் எண்டு. முடிஞ்சுது கதை எண்டு கண்ணை மூடினன். என்ன நடந்தது தெரியுமோ? காலடி திரும்பிப் போயிட்டுது. ஸ்நோவில சர்க் சர்க்கெண்டு நடந்து போற சத்தம். கண்ணாடி ஓட்டையால பாத்தன், சிவப்புத் தொப்பி.

கன நேரம் யோசிச்சன். பிறகு விளங்கிச்சு. உள்ளுக்கு எலி எண்டு நினைச்சிட்டா. எலிதானே எதையும் தட்டி விழுத்துறது. மனிசன் எண்டால் கதவைத் திறந்து என்ன எண்டு கேட்டிருப்பான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு காலமையும் வந்து தட்டினா. நானும் பாடம் படிச்சிட்டன். பேசாமல் கிடந்தால் விடமாட்டா, தட்டிக்கொண்டே நிப்பா. கரண்டியைப் போட்டால் உடனே போயிடுவா. ஒரு நாளும் பிழைக்கேல்லை. டொக் டொக், டிங், சர்க் சர்க். அவ்வளவுதான். பொலிசுக்கு உளவு பாக்க வந்த மனிசியை ஒரு கரண்டியால ஏமாத்தினன் அக்கா. கரண்டியைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் படுப்பன்.

ஆனால் அந்த உளவுக் கூட்டமும் விடேல்லை. பயப்பிடுத்தத் துவங்கினவை. ஒரு நாள் கதவைத் திறக்கிறன், வள்ளத்துக் கைப்பிடிக் கம்பியில ஒரு பெரிய மீன் தொங்குது. கயித்தில கட்டி, வாயைப் பிளந்தபடி, கண் முழிச்சபடி. செத்த மீனை ஒருத்தன்ர வாசலில கட்டித் தொங்கவிட்டால் என்ன அர்த்தம்? செய்வினை, இல்லாட்டி உனக்கும் இதுதான் கதி எண்டு அர்த்தம். மூண்டு தரம் தலையைச் சுத்திக் கடலில எறிஞ்சன். அடுத்த கிழமை திருப்பியும் ஒண்டு தொங்கிச்சு. அதையும் சுத்தினன். ஆனால் எறியேல்லை. பசி. புளி விட்டுக் காய்ச்சித் திண்டன். தின்னேக்கையும் கதவைப் பாத்துக்கொண்டுதான் திண்டன்.

பிறகு ஒரு சோடி சொக்ஸ். சாம்பல் நிறம், கையால பின்னினது. கதவுப்பிடியில கொழுவிக் கிடந்தது. போட்டுப் பாத்தால், அளவெண்டால் அச்சொட்டான அளவு. எப்பிடி என்ர காலளவு தெரியும்? ஸ்நோவில கிடந்த அடியை அளந்திருக்கிறா! அண்டைக்குப் பிறகு நான் மற்ற ஆக்களின்ர அடிக்கு மேலதான் அடி வைச்சு நடந்தனான். சொக்ஸை விட்டுவைச்சால் சாட்சியாப் போகுமெண்டு எடுத்துப் போட்டுக்கொண்டன். இந்தா, இப்பவும் காலில கிடக்கு.

ஒரு சாக்கு விறகும் வந்தது. நல்லாக் காஞ்ச விறகு. அதையும் ஜெற்றியில விட்டுவைக்கேலாதே, பாக்கிற சனம் என்ன நினைக்கும்? உள்ளுக்கு இழுத்து எரிச்சன். சாட்சியை அழிக்கத்தான் எரிச்சனான். அது முடிய இன்னொண்டு வந்தது. அதையும் எரிச்சன்.

துறைமுகத்துக் காவல்காரர் ஒருத்தர் இருந்தவர். நெஞ்சு மட்டும் தாடி. தாடியர் எண்டுதான் நான் வைச்ச பேர். அந்தாள் ஜெற்றியில ஸ்நோ வழிச்சுக்கொண்டு வரும். சனம் இருக்கிற வள்ளம் கிழவியின்ரதோட முடிஞ்சுது, அங்கால ஒரு அலுவலும் இல்லை. எண்டாலும் என்ர வள்ளத்து வாசல் மட்டும் வழிச்சு, உப்பும் தூவிட்டுப் போவார். ஏன்? பொலிஸ் வரேக்க வழுக்கி விழாமல் இருக்க. வேற என்னத்துக்கு?

அரண்டவன் கண்ணுக்கு எண்டு துவங்கப்போறியள், உங்கட வாய் போற போக்கிலேயே தெரியுது. அது வேற அக்கா. நான் இருந்த இருப்பில நீங்கள் இருந்திருக்கவேணும்.

ஒரு நாள் காலமை தட்டேல்லை.

கரண்டியைக் கையில வைச்சுக்கொண்டு கிடக்கிறன். விடிஞ்சிட்டுது, வெளிச்சமும் வந்திட்டுது, சத்தத்தைக் காணேல்லை. முதலில சந்தோசம். பிறகு பயம். தட்டாமல் விட்டதெண்டால் பொலிசைக் கூட்டிவரப் போயிட்டா. பிறகு அதைவிடப் பெரிய பயம் ஒண்டு வந்துது, அதுக்குப் பேர் தெரியேல்லை. அவ வந்து தட்டாமல் எனக்கு நாள் துவங்கினதாவே இல்லை. பகையாளிதான், எண்டாலும் பழகின பகையாளி.

கண்ணாடியைத் துடைச்சுப் பாத்தன். அவவின்ர கூரை வெள்ளை.

விளங்குதோ? வெள்ளை. இரவு கொட்டின ஸ்நோ அப்பிடியே வழுவழுவெண்டு கிடக்கு. ஒரு பொட்டு உருகேல்லை. புகைக்குழாயின்ர வாயிலயும் ஸ்நோ தொப்பி மாதிரி. வேற ஆரும் பாத்திருந்தால் படம் எடுத்திருப்பினம், அவ்வளவு வடிவு. குளிர்காலம் முழுக்கக் கூரையோட மாரடிச்சவன் நான். ஸ்நோ உருகாத கூரையெண்டால் கீழ நெருப்பில்லை. இரவு முழுக்க நெருப்பில்லை. அந்தக் குளிரில நெருப்பில்லாத கபினுக்குள்ள ஒரு கிழவி என்னண்டு இருக்கிறது?

கதவில கையை வைக்கிறன், எடுக்கிறன். வைக்கிறன், எடுக்கிறன். பட்டப்பகல். வெளியில கால் வைச்சால் பிடிபட்டன். பிடிபட்டால் பிளேன். எனக்கென்ன, ஆரோ ஒரு மனிசி, தாடியர் வருவார்தானே, அவர் பாக்கட்டும் எண்டு திரும்பிப் படுத்தன். படுத்துக்கொண்டு செங்கல்லைக் கட்டிப்பிடிச்சன். கல் சூடா இருந்தது. அந்தச் சூடுதான் அக்கா என்னைக் கிடக்கவிடேல்லை. முருகா எண்டு எழும்பிப் போனன்.

போய் அவவின்ர வள்ளத்துப் பலகையில தட்டினன். டொக், டொக். வேற என்னண்டு கூப்பிடுறது, எனக்குப் பாசை தெரியாதே. சத்தமில்லை. திருப்பித் தட்டினன். சத்தமில்லை. மூண்டாம் தரம் தட்டிப்போட்டுக் காதை வைச்சுக் கேட்டன்.

டிங்.

கரண்டி. மெல்லிசா, கிணத்துக்கையிருந்து கேக்கிற மாதிரி. அது என்ர வேலையெல்லோ? அப்பதான் எல்லாம் விளங்கினது. அந்த மனிசியும் என்னைப்போல ஒளிச்சிருக்கிற ஆள். சொந்த நாட்டில எதுக்கு ஒளிச்சாவோ, மருமகளோட கொழுவல் சண்டையோ என்னவோ, எங்களுக்கென்ன தெரியும். பக்கத்தில ஆள் இருக்கோ எண்டு பயத்திலதான் காலமையில வந்து தட்டிப் பாத்திருக்கிறா. எலிதான் எண்டு தெரிய நிம்மதியாப் போயிருக்கிறா. இவ்வளவு நாளும் அந்த மனிசியை உளவெண்டு நினைச்சிட்டனே எண்டு எனக்கு வெக்கமாப் போச்சு. ஒளிச்சிருக்கிற ஆளுக்கு ஒளிச்சிருக்கிற ஆள்தான் உதவவேணும். அந்தத் துணிவிலதான் கதவைத் தள்ளினன்.

தரையில கிடந்தா. படியில சறுக்கி விழுந்திருக்கிறா, ஒரு கால் கோணலா மடிஞ்சு கிடக்கு. உதடு நீலம். கையில கரண்டி. அடுப்பு செத்துப்போய்க் கிடக்கு. ஓடிப்போய் என்ர ரண்டு செங்கல்லையும் எடுத்தந்து வயித்தோடையும் காலோடையும் வைச்சன். என்ர போர்வை, என்ர ஜக்கெற், எல்லாத்தையும் போட்டு மூடினன். அந்தச் சாட்சி விறகில மிச்சம் கிடந்தது, அதைக் கொண்டந்து அவவின்ர அடுப்பை மூட்டினன். பகலில புகை போனது. போகட்டுமெண்டு விட்டன். கையைத் தேய்ச்சு விட்டன். சீனித் தண்ணி சுடவைச்சுக் கரண்டியால பருக்கினன். மெல்லக் கண்ணைத் திறந்தா.

திறந்து எதைப் பாத்தவ தெரியுமோ? என்ர காலை. கையை நீட்டி அந்தச் சொக்ஸைத் தடவினா. தடவிச் சிரிச்சா. விறைச்சுப்போனால் மூளை கலங்குமெண்டு சொல்லுவினம், அது உண்மைதான்.

தூக்கேலாது, கால் அப்பிடி. அவவின்ர ரெலிபோன் அந்தக் குளிருக்குச் செத்துப்போய்க் கிடந்தது. அவ கண்ணால சுவரைக் காட்டினா. பித்தளையில ஒரு ஊதுகுழல் தொங்கிச்சு, பனிப்புகாருக்குள்ள போகேக்க வள்ளக்காரர் ஊதுறது. எனக்கு விளங்கிச்சு. குளிர்காலம் முழுக்கத் தும்மலைக்கூடப் போர்வைக்குள்ள அமத்தினவன் நான். இப்ப ஊர் கேக்க ஊதவேணும்.

ஊரில பிள்ளையார் கோயிலில பூசைக்குச் சங்கு ஊதினவன் நான். மூச்சை அடிவயித்தில பிடிச்சு ஊதினன். வெளியில போய் நிண்டு, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி ஊதினன். கண்ணால தண்ணி வர வர ஊதினன். தூரத்தில தாடியர் ஓடிவாறது தெரிஞ்சுது. குழலைப் போட்டுட்டு ஓடிப்போய் என்ர வளைக்குள்ள பூந்து கதவைச் சாத்தினன். சாத்தினாப்பிறகுதான் தெரிஞ்சுது, அவவின்ர வள்ளத்திலயிருந்து என்ர வள்ளம் மட்டும், புது ஸ்நோவில, கோடு கீறின மாதிரி என்ர காலடி.

தாடியர் "குன்வோர், குன்வோர்" எண்டு கத்தினது கேட்டது. அப்பதான் அவவின்ர பேரே எனக்குத் தெரியும். பிறகு அம்புலன்ஸ். அதுக்குப் பின்னால நீல வெளிச்சத்தோட இன்னொரு கார். பொலிஸ். நான் கரண்டியைப் பிடிச்சுக்கொண்டு குந்திக்கொண்டிருக்கிறன். போர்வை இல்லை, கல் இல்லை, ஜக்கெற் இல்லை.

ஓட்டையால பாத்தன். பொலிஸ்காரன் ஜெற்றியால நடந்து வாறான். அவன் வரமுதல் தாடியர் சவளை எடுத்துச் ஸ்நோ வழிக்கத் துவங்கிட்டார். எப்பிடி ஒரு மனிசன் பாருங்கோ! கிழவி ஸ்ட்ரெச்சரில போகுது, பொலிஸ் நிக்குது, இந்தாள் கடமைக்கு நிண்டு வழிக்குது. சரக், சரக்கெண்டு அவவின்ர வாசலிலயிருந்து என்ர வாசல் மட்டும் வழிச்சுத் தள்ளிட்டார். வேலைப் பைத்தியம். என்ர நல்ல காலம், அடியெல்லாம் அழிஞ்சுபோச்சு.

பொலிஸ்காரன் என்ர வள்ளத்துக்குக் கிட்ட வந்து நிண்டான். தட்டினான். குன்வோர் தட்டுற மாதிரியில்லை. டொம், டொம், டொம். வள்ளம் ஆடிச்சு. நான் கரண்டியைப் போடக்கூடாதெண்டுதான் இறுக்கிப் பிடிச்சன். விரல் விறைச்சுப்போன விரல் அக்கா. தானாக் கழண்டு விழுந்தது.

டிங்.

பொலிஸ்காரன் ஏதோ கேட்டான். நான் அம்மாளாச்சியைக் கூப்பிட்டன், பிள்ளையாரைக் கூப்பிட்டன், ஆரெல்லாம் இருக்கினமோ எல்லாரையும் கூப்பிட்டன். தாடியர் சவளை ஊண்டிக்கொண்டு சிரிச்சார். சிரிச்சுப்போட்டு ஒரே ஒரு சொல்லுச் சொன்னார். "ரொட்டர்." அந்தச் சொல் எனக்குத் தெரியும், காம்பில கிடந்தபோது படிச்சது. எலியள் எண்டு அர்த்தம். பொலிஸ்காரனும் சிரிச்சான். கார் ஸ்ராட் பண்ணினது கேட்டது.

பாத்தியளே? நான் சொன்னனெல்லோ, எலி எண்டுதான் நினைச்சவை எண்டு. காவல்காரர் வாயாலேயே வந்திட்டுது. நீங்கள் ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறியள்?

அண்டைக்குப் பின்னேரம் கதவடியில என்ர போர்வையும் ஜக்கெற்றும் மடிச்சுக் கிடந்தது. மேல ரண்டு செங்கல்லும். கல் சுட்டது, ஆரோ சூடாக்கி வைச்சிருக்கினம். குன்வோரின்ர சாமானெண்டு நினைச்சு, ஆள் மாறி இஞ்ச வைச்சிருப்பினம். நான் அந்தக் கல்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதன் அக்கா. பயம் விட்டால் அழுகை வருமாம்.

அடுத்த நாள் காலமை டொக், டொக். அவதான் ஆஸ்பத்திரியிலயெல்லோ? பாரமான சப்பாத்து, தாடியர். கரண்டியைப் போட்டன், அவர் போயிட்டார். அதுக்கடுத்த நாள் வேற காலடி. பேந்து இன்னொண்டு. ஒரு நாள் பொம்பிளைக் குரல் ஒண்டும் கேட்டது. அந்தத் துறைமுகத்தில இவ்வளவு சனம் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. முறை வைச்ச மாதிரி ஒவ்வொரு காலமையும் ஆரோ ஒருத்தர் வந்து எலி இருக்கோ எண்டு பாத்திட்டுப் போச்சினம். ஒரு காலமையும் தவறேல்லை.

போன கிழமை ஸ்நோ உருகத் துவங்கிட்டுது. வெள்ளைக்காரன் ஸ்பெயினால வாறானாம், கெதியா வெளிக்கிடு எண்டு அண்ணை வந்து சொல்லிட்டுப் போனார். கடைசிக் காலமை, பையைக் கட்டி வைச்சிட்டுக் குந்தியிருக்கிறன், ஒரு ஊண்டுகோல் சத்தம். டக், சர்க். டக், சர்க். மெல்ல மெல்ல வந்து நிண்டுது. டொக், டொக்.

நான் கரண்டியைப் போட்டன். எடுத்து, இன்னொருக்காவும் போட்டன். ஏனெண்டு கேக்காதேங்கோ, எனக்கே தெரியாது. அவ போகாமல் கன நேரம் நிண்டவ. பலகைக்கு அங்கால மூச்சு வாங்குறது எனக்குக் கேட்டது. பிறகு ஊண்டுகோல் திரும்பிப் போச்சு.

நான் வெளிக்கிட்டு வரேக்கையும் தாடியர் ஜெற்றி வாசலில நிண்டவர். நல்ல காலம், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பாத்தபடி நிண்டார். நான் அவரைக் கடந்து றோட்டில ஏறுமட்டும் திரும்பவேயில்லை.

இனி எந்த ஊரோ, எந்த வளையோ. அடுத்த நிப்பாட்டில நான் இறங்கவேணும், தள்ளுங்கோ அக்கா, பையை எடுக்கிறன். பயம் இன்னும் விட்டபாடில்லை. ஆனால் ஒண்டை மட்டும் நினைச்சால் கொஞ்சம் தெம்பா இருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அவ்வளவு சனத்துக்கு நடுவில இருந்தன், ஒருத்தருக்கும் பிடிபடேல்லை.